நாய்ப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

வளர்ப்பு நாய்க்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் பயிற்றும் இடத்திற்கு ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். அங்குள்ள நாய்களைக் கூர்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். காதுகளைப் பின்னே மடித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி நிற்கும் நாய் அஞ்சுகிறது. வாலைத் தளர்வாக ஆட்டியபடி பயிற்சியாளரை நாடி வரும் நாய் விரும்பிக் கற்கிறது.

நல்ல பயிற்சியாளர், நாய் சொற்படி அமர்ந்த உடனேயே சிறு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுவார். காலம் தாழ்த்தினால், அது எதற்கான பரிசு என்பது நாய்க்கு விளங்காது. அடிக்கு அஞ்சி அடங்கும் நாய் ஒருநாள் கடிக்கவும் கூடும். விலங்கை அடித்துத் துன்புறுத்துதல், 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பயிற்சியாளர் வீட்டாருக்கும் கற்றுத்தர வேண்டும். தாய் ‘உட்கார்’ என்றும் பிள்ளைகள் ‘பைட்டோ’ என்றும் கூறினால் நாய் குழம்பும். அனைவரையும் ஒரே சொல்லைக் கூறப் பழக்குபவரே சிறந்த பயிற்சியாளர்.

சொற்பொருள்
ஒடுக்கி – சுருக்கி
நாடி – விரும்பித் தேடி

வினாக்கள்
1. அஞ்சும் நாயை எவ்வாறு அறியலாம்?
2. பரிசை உடனே கொடுப்பது ஏன்?
3. உங்கள் வீட்டு நாய்க்கு எம்மொழியில் கட்டளையிடுவீர்கள்? ஏன்?