கெர்னல் புதுசு... டெர்மினல் மக்கரா?

லினக்ஸ் கெர்னலை அப்டேட் செய்ததும், நேற்று வரை ஒழுங்காக ஓடிய டெர்மினல் புரோகிராம் மக்கர் செய்கிறதா? சிஸ்டத்தையே மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பாதீர்கள். கோளாறு எங்கே என்று வரிசையாகப் பாருங்கள்.

1. அப்டேட்டுக்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்யாதவரை ஓடுவது பழைய கெர்னல்தான். ‘யூநேம் -ஆர்’ என்று அடித்தால், இப்போது ஓடும் கெர்னலின் எண் தெரியும்.

2. ரீஸ்டார்ட் செய்யும்போது கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் புரோகிராம் ஓடினால், புதிய கெர்னல் மீது சந்தேகப்படலாம். அதிலும் ஓடாவிட்டால், கூடவே அப்டேட் ஆன வேறு ஏதோ பேக்கேஜ் காரணமாக இருக்கலாம். உபுண்டு, டெபியனில் ஏபிடியின் ஹிஸ்டரி லாகைத் திறந்தால் அன்று என்னென்ன மாறின என்று தெரிந்துவிடும்.

3. எரர் செய்தியை முழுசாகக் காப்பி செய்து வையுங்கள். செய்தியே வராவிட்டால், புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கமாண்டை அதன் பெயருக்கு முன்னால் சேர்த்து ஓட்டுங்கள். கடைசிப் பகுதியில் ‘= -1’ என்று வரும் வரிகளைக் கவனியுங்கள். கெர்னல் எதற்கு மறுத்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

4. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’, டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறதா? புதிய கெர்னலுக்கு அந்த டிரைவரின் மாட்யூல் தயாராகாமல் இருக்கலாம். கெர்னலுக்கு ஏற்ப மாட்யூல்களைத் தயாரித்துத் தருவது டிகேஎம்எஸ்; ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடித்துப் பாருங்கள். டிகேஎம்எஸ் வழியாகப் போட்ட டிரைவராக இருந்து, புதிய எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ இல்லையென்றால், அந்தக் கெர்னலுக்கான ஹெட்டர்ஸ் பேக்கேஜைப் போட்டு, ‘டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ கொடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்கும் இதேபோல மாட்யூல் தேவை.

5. பழைய கமாண்டுகளைத் தேடித்தரும் ‘ஹெச்எஸ்டிஆர்’ வைத்திருக்கிறீர்களா? தேர்ந்தெடுத்த கமாண்டு பிராம்ப்ட்டில் வந்து விழவில்லை என்றால், டிஐஓசிஎஸ்டிஐ வசதி அடைபட்டிருக்கலாம். நீங்களே கீபோர்டில் தட்டியதுபோல டெர்மினலில் எழுத்துகளைப் போடும் வசதி இது. 2023 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 6.2 முதல் இதை அடைத்து வைக்க முடியும்.

6. உறுதி செய்ய, ‘சிஸ்சிடிஎல் டெவ்.டிடிஒய்.லெகசி_டிஐஓசிஎஸ்டிஐ’ என்று கேளுங்கள். 0 வந்தால் அடைபட்டிருக்கிறது, 1 வந்தால் திறந்திருக்கிறது.

7. 0 வந்திருந்தால், ஹெச்எஸ்டிஆரின் புதிய பதிப்பைப் போடுங்கள். பாஷ்ஆர்சி ஃபைலில் உள்ள அதன் பழைய வரிகளை எடுத்துவிட்டு, ‘ஹெச்எஸ்டிஆர் --ஷோ-கான்ஃபிகரேஷன்’ தரும் வரிகளைச் சேருங்கள். பிறகு புது டெர்மினலைத் திறந்து பாருங்கள்.

8. அந்த 0-வை 1 ஆக்கினாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த வசதியை அடைத்ததற்குக் காரணம் உண்டு: டெர்மினலில் ஓடும் நம்பிக்கையற்ற புரோகிராம், உங்கள் பெயரில் கமாண்டு கொடுத்துவிடலாம். சோதனைக்கு மட்டும் திறந்து, உடனே அடைத்துவிடுங்கள்.

9. புதிய கெர்னலில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதை நீக்காதீர்கள். ஆத்திர அவசரத்துக்கு வேலையை ஓட்ட அதுவே கைகொடுக்கும்.

10. எதுவும் பலிக்காவிட்டால், பழைய, புதிய கெர்னல்களின் எண்கள், எரர் செய்தி, எஸ்ட்ரேஸின் கடைசி வரிகள் ஆகியவற்றோடு புரோகிராமை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.