கூட டியூட்டி பார்ப்பவள் போகப் போகிறாள் என்றால்

வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ('பிரதர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே உங்கள் பெயரை மறந்துவிடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்) சில வார்த்தைகள். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் இது கட்டாயம் நடக்கும். உன்னோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள், ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள், அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. பட்டியலில் தன் பெயர் வருமா என்று பார்க்கிறாள் என்பது ஒருநாள் தெரியவரும். அவள் போவாளா மாட்டாளா என்று தெரியாத மாதங்கள்தான் கஷ்டம். போன பிறகு எப்படியோ பழகிவிடும்.

1. சந்தோஷமும் பொறாமையும் பயமும் ஒரே டியூட்டியில் வந்துபோகும். அவளுக்கு நல்லது நடக்கிறதே என்று மனசு நிறையும். அடுத்த நிமிஷமே 'எனக்கு ஏன் இல்லை' என்று வயிறு எரியும். அப்புறம் 'இனி நைட்டில் யாரோடு?' என்று கலங்கும். எதற்கும் வெட்கப்பட வேண்டாம். ஆனால் எது எது என்று பிரித்துப் பார்த்துக்கொள். பிரிவுத் துயரம் என்று நாம் அழுவதில் பாதி ரோஸ்டரை நினைத்து வரும் அழுகை.

2. கோபம் வந்தால் ஆள் பார்த்து வரட்டும். 'என்னைத் தனியா விட்டுட்டுப் போறா' என்று தோன்றும். உன்னைத் தனியாக விடுவது அவள் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எத்தனை இடத்தில் அப்படி ஆள் போடுகிறார்கள்? சம்பளத்தையும் பார். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமாகக் கொடுக்கச் சொன்னது. உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அவள் ஏன் போகிறாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது. காலி இடத்துக்கு ஆள் எடுக்காமல், இருக்கிறவர்கள் தலையில் டபுள் டியூட்டியைக் கட்டுவது நிர்வாகம். திட்டுவதென்றால் அங்கே திட்டு.

3. வாயைத் திறக்காதே. அவள் போகும் செய்தி வெளியே கசிந்தால் அவளுக்கு நைட்டுக்கு மேல் நைட் விழும். பரீட்சைக்குக் கேட்ட லீவு கிடைக்காது. 'எப்படியும் போறவதானே' என்று பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பார்கள். கடைசியில் விசா வராமல் அவள் இங்கேயே இருக்க நேர்ந்தாலும் அந்தப் பேச்சு போகாது. இன்சார்ஜ் சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறினால் 'தெரியாது சிஸ்டர்' என்று சொல். பொய்தான். சொல்லலாம்.

4. 'போகாதடி' என்று அழுது அவளைக் கட்டிப்போடாதே. அவள் வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் அவளுக்குத்தான் தெரியும். உதவ நினைத்தால் காரியத்தில் உதவு. ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் இரண்டு சூழ்நிலைகள் தருவார்கள். அவள் செவிலியர், எதிரே இருப்பவர் நோயாளி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். நைட் டியூட்டி இடைவேளையில் நீ நோயாளியாக நடி. ஊசிக்குப் பயப்படுகிறவளாக, மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவளாக, எதைச் சொன்னாலும் கோபப்படுகிறவளாக நடி. அவள் ஆங்கிலத்தில் சமாதானம் சொல்லிப் பழகட்டும். உன் வயிற்றெரிச்சல் தணிய இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. போகப்போக உன் ஆங்கிலமும் தேறும்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் தலையிடு. லட்சக்கணக்கில் பணம் கேட்டால் நிறுத்தி விசாரிக்கச் சொல். வேலை தேடி வருபவரிடம் அதற்கென்று கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் விதி. தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே கேட்கட்டும்.

5. அவள் இருக்கும்போதே அவள் கையைப் பார்த்துக் கற்றுக்கொள். இதுதான் முக்கியம், ஆனால் அழுகையில் எல்லாரும் கோட்டைவிடுவது இதைத்தான். வென்டிலேட்டரில் இருப்பவரைப் புரட்டும்போது ஒருத்தி டியூபைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருத்தி தோளையும் இடுப்பையும் திருப்புவாள். உங்கள் இருவருக்குள் வாய்ப்பேச்சே தேவைப்படாமல் போயிருக்கும். புதிதாக வருகிறவளோடு 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணித்தான் புரட்ட வேண்டிவரும். டியூட்டி ஓவர் கொடுக்கும்போது அவள் எந்த வரிசையில் சொல்கிறாள் என்று கவனி: தலையில் தொடங்கிக் கால்வரை வருகிறாளா, லைனையும் டிரெய்ன் குழாயையும் தொட்டுக் காட்டுகிறாளா, பம்ப் ஓடும் வேகத்தைச் சார்ட்டைப் பார்த்துச் சொல்கிறாளா, பம்பையே பார்த்துச் சொல்கிறாளா. எந்த டாக்டரை இரவு இரண்டு மணிக்குத் தயங்காமல் எழுப்பலாம், யாரிடம் பி.பி.யையும் யூரின் அளவையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கேட்டு எழுதிக்கொள்.

6. காகிதங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது தராமல் இழுத்தடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்தாவது நீ நகலை மட்டும் கொடு. மீறிக் கேட்டால் எழுத்தில் ரசீது வாங்கு. 'பாண்ட்' என்று எதையாவது நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிறகு கையெழுத்துப் போடு. பி.எஃப்.க்கு எத்தனை வேலை மாறினாலும் யு.ஏ.என். எண் ஒன்றுதான், அதைக் குறித்துவை.

7. அவள் போகாமலும் இருக்கலாம். மதிப்பெண் குறையலாம், வீட்டில் கல்யாணம் பேசி நிறுத்தலாம். அன்று உன் மனதின் மூலையில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அதை உன்னோடு வைத்துக்கொள். 'நல்லதுக்குத்தான்' என்று மட்டும் அவளிடம் சொல்லாதே; அவள் கட்டிய பரீட்சைக் கட்டணம் யாருக்கும் நல்லதுக்கு இல்லை. அடுத்த தேதி எப்போது என்று கேள்.

8. போய்விட்டால், அந்த இடத்துக்கு வரும் புதுப் பெண்ணிடம் 'அவ இருந்தப்போ இப்படி இல்ல' என்று ஒருமுறைகூடச் சொல்லாதே. வந்தவளுக்கு லாக்கர் எங்கே, கேன்டீனில் எது சாப்பிடலாம் என்று காட்டு.

9. இது உங்களுக்கு இல்லை, இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு. பேப்பர் போட்ட பெண்ணுக்குக் கடைசி மாதம் முழுக்க நைட் அடுக்காதீர்கள், சிஸ்டர். கற்றுக்கொள்ள ஆள் விழித்திருக்கும் பகல் டியூட்டியில் அவளைப் போடுங்கள்.