செட்டின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

அன்புள்ள திருநின்றவூர் வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கு அழைத்துப் போக ஆசை. ஆனால் இவ்வளவு தூரம் ரயிலேறிப் போய், இவ்வளவு பணம் செலவழித்து, அட்டைக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். பூந்தமல்லி பக்கமே ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கலும் இருக்கும்போது ஹைதராபாத் எதற்கு என்பது உங்கள் மாமியாரின் கேள்வி. நியாயமான கேள்விதான். பல வீடுகளில் எழக்கூடியது என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் ராட்டினத்துக்காகப் போகாதீர்கள். ராட்டினம் சுற்ற மாமியார் சொல்கிற இடமே போதும். சினிமாவை வைத்து அமைந்த ஒரு பூங்கா வேறொன்றைத் தருகிறது. நாம் திரையில் பார்த்து மயங்கியதை மனிதர்கள் எப்படிக் கையால் செய்தார்கள் என்பதை அது கண்முன் நிறுத்துகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதைத்தான்.

ராமோஜி ஃபிலிம் சிட்டியை 1996-ல் ராமோஜி ராவ் தொடங்கினார். ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகிற நெடுஞ்சாலையில், 1,600 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 2024 ஜூன் மாதம் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்குகளும் அந்த வளாகத்திலேயே நடந்தன. இன்றும் ஒரு பக்கம் படப்பிடிப்பு நடக்க, இன்னொரு பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

அங்கே நீங்கள் முதலில் போக வேண்டியது, படம் எடுக்கும் விதத்தைச் செய்து காட்டுகிற அரங்குக்கு. கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வண்டியில் உட்கார வைப்பார்கள். வண்டி இருக்கும், குதிரை இருக்காது. கையில் சாட்டையைக் கொடுத்து, பின்னால் கொள்ளைக்காரர்கள் துரத்தி வருவதாக நினைத்துக்கொண்டு விரட்டச் சொல்வார்கள். வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கும். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சாட்டையை வீசுவார், கூட்டம் சிரிக்கும். அடுத்த அரங்கில் சத்தம். குளம்பொலி, சக்கரத்தின் கடகடப்பு என்று ஒவ்வொன்றையும் கையில் கிடைத்த பொருளைக் கொண்டு எழுப்ப வேண்டும். அதையும் பார்வையாளர்களில் சிலரை மேடையேற்றியே செய்ய வைப்பார்கள். மூன்றாவது அரங்கில் படமும் சத்தமும் பின்னணியும் ஒன்று சேர்ந்து திரையில் ஓடும். சற்று முன் வெட்கப்பட்ட அதே பெண், 1975-ல் வந்த ‘ஷோலே’யின் குதிரைவண்டிக்காரி பசந்தியாகப் பாறைகளுக்கு நடுவே வண்டியை விரட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவர்கள் அதற்குமுன் பார்த்த படங்கள் அத்தனையையும் மனதில் மறுபடி ஓட்டிப் பார்க்கத் தொடங்குவது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு மகிழ்மதிக்குப் போங்கள். ‘பாகுபலி’ படத்துக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் வடிவமைத்த அரண்மனை. அவர் நம் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிரம்மாண்டமான சிலைகள், தூண்கள் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். அனுமதித்தால் தூணை விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லின் சத்தம் வராது, ‘டொக் டொக்’ என்று உள்ளே காலியாகக் கேட்கும். எட்டிப் பார்க்க முடிந்த இடத்தில் பின்பக்கத்தையும் காட்டுங்கள். பொதுவாக எந்த செட்டுக்கும் பின்னால் இருப்பது கம்பும் இரும்புச் சட்டமும் பிளைவுட்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மோல்டிங், அதற்கும் மேல் பெயின்டரின் கை. புதுப் பலகையில் நூறு வருஷத்துப் பாசியையும் மழைத்தண்ணீர் வழிந்த கறையையும் கொண்டுவருகிறவர் அந்த பெயின்டர்தான். ஒரு கல் எப்படி வயதாகிறது என்பதை உற்றுப் பார்த்தவரால் மட்டுமே முடிகிற வேலை அது.

வேலை நடக்கிற இடத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் தயாரிப்பாளர் கார்ல் லெம்லி 1915-ல் யுனிவர்சல் சிட்டி என்ற ஸ்டூடியோ வளாகத்தைத் திறந்தபோதே 25 சென்ட் வாங்கிக்கொண்டு பொதுமக்களைப் படப்பிடிப்பு பார்க்க அனுமதித்தார். மௌனப்படக் காலம். பார்வையாளர்கள் கைதட்டினாலும் கூச்சல் போட்டாலும் படத்தில் பதியாது. பேசும்படம் வந்ததும் சத்தம் இடைஞ்சலாகி, அந்தக் கதவை மூட வேண்டியதாயிற்று. 1964-ல்தான் பொதுமக்களை மறுபடி உள்ளே விட்டு, வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டத் தொடங்கினார்கள். நம்மவர்கள் குடும்பத்தோடு போய்வருகிற சிங்கப்பூர் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் அதன் வழியில் வந்தது.

நம் ஊருக்கும் இந்த ஆசை பழகியதுதான். வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை, செத்த காலேஜ் என்கிற அருங்காட்சியகம், எல்ஐசி கட்டடம், மெரீனா என்று சுற்றிவிட்டு, வடபழனியில் ஏவிஎம் ஸ்டூடியோ வாசலில் சுழலும் உருண்டையையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். வாசலோடு சரி, உள்ளே போக முடியாது. 1994-ல் தரமணியில் அரசே ஒரு ஃபிலிம் சிட்டியைத் திறந்தது. பின்னாளில் எம்ஜிஆர் பெயரைத் தாங்கியது. தென் மாவட்டப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் அது இருந்த காலம் உண்டு. பிறகு அந்தப் பகுதி கணினி நிறுவனங்களுக்கான இடமாக மாறிப்போனது. தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்காவை உருவாக்கிய நவோதயா அப்பச்சன், 1984-ல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ தயாரித்தவர். சினிமாக்காரர் கட்டிய பூங்காதான். ஆனால் அவருடைய தொழிலின் வித்தையைவிட ராட்டினமும் தண்ணீரும்தான் அங்கே முன்னால் நின்றன.

இனி உங்கள் வாசலுக்கு வருகிறேன். பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஈவிபி ஃபிலிம் சிட்டி, முதலில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த இடம். 2012 ஜூன் மாதம் அங்கே ஒரு ராட்டினத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இளம் விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். பின்னாளில் அந்த வளாகம் படப்பிடிப்புத் தளமாகப் பெயர் பெற்றது. ‘காலா’ படத்துக்காக மும்பையின் தாராவியை அங்கே எழுப்பினார்கள். அதற்கு முப்பது வருஷம் முன்பு, 1987-ல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் ஒரு தாராவியைக் கட்டி, தேசிய விருதும் வாங்கினார். மும்பை போகாமலேயே தாராவியின் சந்துகளை நமக்குக் காட்டியவர்கள் நம் ஊர் தச்சர்களும் பெயின்டர்களும் செட் உதவியாளர்களும்தான்.

அதே ஈவிபி வளாகத்தில் 2020 பிப்ரவரி 19 இரவு, ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். உதவி இயக்குநர், கலைத்துறை உதவியாளர், தயாரிப்பு உதவியாளர். மூவரும் பேட்டாவுக்கும் கால்ஷீட்டுக்கும் வந்து, வீடு திரும்பாதவர்கள். திரையில் தெரிகிற முகத்துக்குப் பின்னால் எத்தனை உடம்புகள் உயரத்திலும் மின்சாரத்துக்கு நடுவிலும் நிற்கின்றன என்பதை இந்தச் சம்பவம்போல எதுவும் நமக்குச் சொன்னதில்லை. செட்டின் பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். செய்தவரின் கையைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கையின் மேல் மரியாதை வரும். மரியாதை வந்தால் அந்தக் கைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்ற கேள்வியும் வரும்.

இதையெல்லாம் திருநின்றவூர்க்காரரிடம் சொல்வது எனக்கு எளிது. உங்கள் ஊர் பூசலார் நாயனாரின் ஊர் அல்லவா? இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். கையில் பொருள் இல்லாத அந்த அடியார் மனதுக்குள் கோயில் கட்டிய விதத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. நல்ல நாள் பார்த்தார். அஸ்திவாரம் போட்டார். படிப்படியாக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் எடுத்து, மதிலும் கட்டிய பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவபெருமான் தோன்றி, வேறு நாள் பார்க்கச் சொன்னார். நினைப்பில்தானே கட்டுகிறோம் என்று பூசலார் ஒரு வேலையைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. கற்பனை என்பது ஒழுங்கான உழைப்பு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ரயிலேறுவதற்கு முன்பு அந்தக் கோயிலுக்கு ஒருமுறை போய், இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மகிழ்மதியில் நிற்கும்போது அவர்களுக்கே நினைவு வரும். பூசலாருக்கு ஆள் தேவைப்படவில்லை. சினிமாவுக்கு ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்பதையும் அங்கே சொல்லலாம்.

பயணத்துக்குச் சில யோசனைகள். சென்னையில் மாலை சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹைதராபாத். நீங்கள் போகிற டிசம்பர் நல்ல பருவம். ஏப்ரல், மே வெயிலில் அந்தப் பாறை நிலத்தில் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே இருங்கள், அரங்குகளை முதலில் முடியுங்கள், பஸ் சுற்றுலாவை அடுத்து வையுங்கள், ராட்டினங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்த ஊர் ராட்டினமானாலும் உயர வரம்பை மதியுங்கள். இடுப்புக் கம்பியை ஊழியர் வந்து இழுத்துப் பார்த்த பிறகும் நீங்கள் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது பூட்டவில்லையென்றால் கூச்சப்படாமல் இறங்கிவிடுங்கள். ஹைதராபாத் இந்த வருஷம் முடியவில்லையென்றால் வடபழனிக்குப் போங்கள். 2023 மே மாதம் ஏவிஎம் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். படங்களில் ஓடிய பழைய கார்கள், காமிராக்கள், படமெடுக்கும் கருவிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. முந்தைய தலைமுறை வாசலோடு திரும்பிய அந்த இடத்துக்குள் உங்கள் பிள்ளைகள் போய்வரலாம்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பூந்தமல்லி பக்கத்தில் சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைப்பதாகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மெய்நிகர் அரங்கு, கிராஃபிக்ஸ் கூடங்கள், ஐந்து நட்சத்திர விடுதி என்றெல்லாம் பேச்சு வருகிறது. வரட்டும். அதோடு சேர்த்து நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் உள்ளே வந்து பார்க்க வாரத்தில் ஒரு நாள் வேண்டும். தச்சு, மோல்டிங், வண்ணம், ஒலி ஆகியவற்றை மூத்த கலைஞர்கள் செய்துகாட்டும் பட்டறை வேண்டும். ஒவ்வொரு செட்டின் வாசலிலும் அதைக் கட்டியவர்களின் பெயர்ப்பலகை வேண்டும். உயரத்தில் வேலை செய்கிறவருக்குப் பாதுகாப்புக் கயிறும், வளாகத்துக்குள்ளேயே ஆம்புலன்ஸும், காப்பீடும் இல்லாமல் ஒரு விளக்குகூட எரியக் கூடாது.

இவற்றைக் கேட்பதற்குச் சினிமாக்காரராக இருக்க வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற யாருக்கும் உரிமை உண்டு. பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் உரிமை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசுங்கள், எம்எல்ஏவுக்கு மனு கொடுங்கள், பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். போய்வந்த பிறகு, எது எப்படிச் செய்யப்பட்டது என்று தாங்கள் கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். முடிந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதப் பகுதி எழுத்தாளர்