சைபர் செக்யூரிட்டி முதல் செமஸ்டர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கல்லூரியில் சைபர் செக்யூரிட்டி அறிமுகப் பாடத்தில் சேரும் பலர் முதல் வாரமே ஹேக்கிங்கை எதிர்பார்க்கிறார்கள். வகுப்போ ஐபி முகவரி, போர்ட், டிஎன்எஸ் என்று நகர்கிறது. அங்கேயே பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தொடக்க வாரங்கள்தான் இந்தப் பாடத்தின் உயிர்.

செய்ய வேண்டியவை

• நெட்வொர்க்கிங்கைக் கண்ணால் பார்த்துப் படியுங்கள். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, உங்கள் லேபில் உள்ள எச்டிடிபி பக்கம் ஒன்றில் லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்ட் அப்படியே எழுத்து எழுத்தாகத் தெரியும். எச்டிடிபிஎஸ் பக்கத்தில் அது தெரியாது. டிசிபி இணைப்பு சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று செய்திகளில் தொடங்குவதையும் அங்கேயே பாருங்கள். பிறகு போர்ட்களைச் சோதிக்கும் என்மேப் கருவியின் சின் ஸ்கேன் தானாகப் புரியும்: சின்-ஆக் வந்தால் போர்ட் திறந்திருக்கிறது, ஆர்எஸ்டி வந்தால் மூடியிருக்கிறது.

• சொந்த லேப் அமையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில், தாக்கும் கருவிகளோடு வரும் ஒரு காளி லினக்ஸ், தாக்கிப் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட ஒரு மெட்டாஸ்ப்ளாய்டபிள். இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் வையுங்கள். மெட்டாஸ்ப்ளாய்டபிளை ஒருபோதும் இணையத்தோடு இணைக்க வேண்டாம்.

• லினக்ஸ் கட்டளைகள் கைக்கு வர, ஓவர்தவயர் தளத்தின் 'பேண்டிட்' விளையாட்டை ஆடுங்கள். இலவசம்தான்.

• வேலை செய்யாத கட்டளையையும் நோட்டில் எழுதுங்கள். எந்தக் கட்டளை, என்ன பிழை, எப்படிச் சரியானது என்ற குறிப்புதான் செய்முறைத் தேர்வில் கைகொடுக்கும்.

• நடந்த தாக்குதல்களைப் படியுங்கள். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே மாதம் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் தந்திருந்தது. இருந்தும் பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கின. பேட்ச் வந்த பிறகும் கணினிகள் ஏன் அப்டேட் ஆகவில்லை என்று வகுப்பில் கேளுங்கள். இந்தத் துறையின் பெரும்பாலான வேலை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• அனுமதியில்லாமல் எதையும் தொடாதீர்கள். ஹாஸ்டல் வைஃபை, கல்லூரியின் ரிசல்ட் தளம், நண்பரின் இன்ஸ்டாகிராம் எல்லாமே இதில் அடங்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 அனுமதியற்ற நுழைவுக்கு இழப்பீடு கேட்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பார்த்தேன்" என்பது அனுமதி ஆகாது.

• யூடியூப் பார்த்துக் கட்டளைகளை அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்கிறது என்று மேன் (கையேட்டு) பக்கத்தில் பாருங்கள்.

• கிரிப்டோகிராஃபியில் கணக்கு வருகிறதே என்று ஒதுங்காதீர்கள். ஆர்எஸ்ஏ-வைச் சின்ன எண்களில் போட்டுப் பாருங்கள்: பகா எண்கள் 3, 11, பெருக்கினால் 33. பொதுச் சாவி 7, தனிச் சாவி 3. செய்தி 2 என்றால் 2-இன் 7ஆம் அடுக்கு 128. 33-ஆல் வகுக்க மீதி 29. அந்த 29-இன் 3ஆம் அடுக்கை 33-ஆல் வகுத்தால் மீதியாக மீண்டும் 2 வரும். தாளில் ஒருமுறை போட்டவர் மறப்பதில்லை.

• லேப்டாப்பில் உள்ளதை அழித்துவிட்டுக் காளியை நிறுவாதீர்கள்.

• ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். இந்தப் பாடம் படிப்பது தெரிந்தால், ஓடிபி சொல்லிப் பணத்தை இழந்த சித்தப்பா முதலில் உங்களைத்தான் அழைப்பார். எப்படி ஏமாந்தார் என்று அப்போது விசாரிக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.