சோடா மூடி விளையாட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை!

சின்ன வயதில் சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, இரு கையாலும் இழுத்து 'விர்ர்'ரென்று சுற்ற விட்டிருப்பீர்கள். அதையே மருத்துவக் கருவியாக்கிவிட்டார் ஓர் இளைஞர்!

பெயர் சாத் பாம்லா. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், நம் நாட்டில் பிறந்த விஞ்ஞானி மனு பிரகாஷிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மனு பிரகாஷ் 2013-ல் உகாண்டா போனபோது, ரத்தம் சுற்றும் 'சென்ட்ரிஃபியூஜ்' மெஷின் கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கிடந்ததாம். கரண்ட் இல்லாத ஊர்; வேறென்ன செய்வார்கள், பாவம்!

ரத்தத்தை ஏன் சுற்ற வேண்டும்? கலங்கல் தண்ணீரைக் குடத்தில் வைத்தால் மண் அடியில் தங்குகிறது அல்லவா? வேகமாகச் சுற்றினால் ரத்தத்திலும் அதே கதைதான். கனமான சிவப்பணுக்கள் குழாயின் வெளிமுனையில் ஒதுங்கும். மஞ்சள் நிற நீர் தனியே தெளியும்.

பம்பரம், யோயோ என்று பார்த்துவிட்டு, கடைசியில் பித்தான்-நூல் விளையாட்டுக்கு வந்தார் பாம்லா. வேகத்தைப் படம் பிடித்தால், நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல்! அப்புறம் காகித வட்டு, தூண்டில் நரம்பு, கைப்பிடி, ரத்தத்துக்கு மெல்லிய குழாய்... 2017-ல் வெளியான அந்த 'பேப்பர்ஃபியூஜ்' நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது. ஒன்றரை நிமிஷத்தில் ரத்தம் பிரிந்துவிடும். செலவு 20 சென்ட். அன்றைய கணக்கில் சுமார் 14 ரூபாய்.

இதில் சித்த வைத்தியனான எனக்கென்ன அக்கறை என்கிறீர்களா? பாலக்கோட்டில் தக்காளி பறிக்கப் போகும் பெண்கள், "அய்யா, குடம் தூக்கினாலே மூச்சு வாங்குது" என்று வருகிறார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. நாங்கள் பாண்டு என்போம். அயச்செந்தூரம் கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு குறைவு, மருந்து வேலை செய்ததா என்று கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நாடி பார்த்தும் எண் சொல்ல முடியாது. (எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், வரட்டும்!) ரத்தம் பார்க்கச் சொன்னால், ஒருநாள் கூலி போகுமே என்று பாதிப் பேர் போவதே இல்லை. கருவி வீட்டு வாசலுக்கே வந்தால் எவ்வளவு லேசு!

ஒன்று கவனியுங்கள். இந்தக் கருவி ரத்தத்தைப் பிரிக்கும், நோயைச் சொல்லாது. அளந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று பிள்ளைகள் விரலில் ஊசி குத்திவிடாதீர்கள்!

உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பி.சி.வி.' என்றொரு வரி இருக்கும். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அது. பெண்களுக்கு 36 சதவீதத்துக்கும், கர்ப்பிணிகளுக்கு 33-க்கும் கீழே இருந்தால், சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.