வக்கீல் வைக்கக் காசில்லையா? வன்கொடுமை வழக்கில் உங்கள் உரிமைகள்

1927 மார்ச் 20. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் உள்ள சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கரும் அவரோடு வந்த மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். எல்லோரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்த குளம்தான் அது. ஆனாலும் எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 'இது தனியார் குளம், அவர்களை விடாமல் இருப்பது காலங்காலமான வழக்கம்' என்றார்கள்.

பாரிஸ்டரான அம்பேத்கரே அந்த வழக்கில் பிரதிவாதி. காலங்காலமான வழக்கம் என்றால் அதற்கு ஆதாரம் எங்கே? அதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. 1937 மார்ச் 17-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தெருவில் கேட்ட உரிமை, கோர்ட்டில் வாதாடிய பிறகுதான் உறுதியானது.

இன்று அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 1989-ல் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. சரி, பாதிக்கப்பட்டவர் அதை எப்படிப் பயன்படுத்துவது?

புகார் கொடுக்கும்போது

வாயால் சொன்னாலே போதும். போலீஸார் அதை எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 'முதலில் விசாரிக்கிறோம், அப்புறம் பதிவு செய்கிறோம்' என்று சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது.

அரசு வக்கீல் இருக்கும்போது தனி வக்கீல் எதுக்கு?

பலரும் கேட்கும் கேள்வி இது. இந்த வழக்குகளை நடத்தக் குறைந்தது ஏழு ஆண்டு அனுபவமுள்ள சிறப்பு அரசு வக்கீல் இருப்பார். அவர் அரசின் சார்பில் வாதாடுபவர். உங்கள் குரலைத் தனியாகச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவின்படி:

• ஜாமீன் மனு உட்பட எந்த விசாரணை நடந்தாலும் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும்.
• ஜாமீன், விடுவிப்பு, தண்டனை குறித்த விசாரணைகளில் உங்கள் தரப்பைச் சொல்லலாம்.
• வக்கீல், சமூக சேவகர், தொண்டு நிறுவனத்தின் உதவியைப் பெறலாம்.

ஜாமீன் விசாரணையில் இது ரொம்ப முக்கியம். எதிரி வெளியே வந்தால் சாட்சிகளுக்கு என்ன மிரட்டல் வரும் என்பது பாதிக்கப்பட்டவருக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தை நீதிபதியிடம் சட்டத்தின் மொழியில் எடுத்து வைப்பவர் வக்கீல். இப்படித் தகவல் தருவதும், தரப்பைக் கேட்பதும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. தகவல் தராமல் கொடுத்த ஜாமீனையும் அந்த வழக்கில் ரத்து செய்தது.

இன்னொரு வழியும் இருக்கு. அரசு வக்கீல் மட்டும் போதாது என்று நினைத்தால், அனுபவமிக்க மூத்த வழக்கறிஞரை நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். 1995-ம் ஆண்டு விதிகளின் 4(5) இதற்கு வழி செய்கிறது. கட்டணம் உங்கள் பொறுப்பு இல்லை.

இலவச வக்கீல் பெறுவது எப்படி?

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன்படி எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், எந்தச் சமூகத்தைச் சேர்ந்த பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.

1. 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.
2. அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். தாலுகா அளவிலும் குழு உண்டு.
3. எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ் நகல், ஆதார் நகல் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.
4. ஜாமீன் மனு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் எஃப்.ஐ.ஆர். போட்ட கையோடு வக்கீல் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

15100-ஐ இப்பவே உங்கள் செல்போனில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்துத் தெருவில் ஒருவருக்குத் தேவைப்படலாம்.