உண்ட உணவு உடலிற் சேரும் வகை

வயிறு நிறைய உண்டுவிட்டால் உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் உண்டது வேறு, உடலிற் சேர்ந்தது வேறு. உணவுப் பாதை என்பது வாய் தொடங்கி ஆசனவாய் வரை உடலை ஊடுருவிச் செல்லும் ஒரு நீண்ட குழாய். அக்குழாய்க்குள் கிடக்கும் சோறு, உண்மையில் இன்னும் உடலுக்குப் புறத்தேதான் இருக்கிறது. குடற்சுவரைக் கடந்து இரத்தத்திற் கலந்த பின்னரே அது நமக்கு உரியதாகிறது. களத்தில் குவிந்த பருத்தி துணியாகிவிடாதது போன்றதே இதுவும்.

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உள்ளவாறே குடற்சுவரைக் கடக்க இயலாத பெரும் பொருள்கள். அவற்றைச் சிறு துணுக்குகளாகப் பிரிப்பது ஜீரணம். பிரிந்தவற்றைக் குடற்சுவர் உள்ளே ஏற்பது உட்கிரகித்தல். இவ்விரண்டையும் அறிந்துகொண்டால், வயிற்றுப்போக்கினால் வாடும் குழந்தையின் உயிரைக் காக்கும் வழியும் நமக்கு விளங்கும்.

வாயின் வேலை

பற்கள் உணவை அரைக்கின்றன. உமிழ்நீர் அதனைக் குழைக்கிறது. நாளொன்றுக்கு 1 முதல் 1½ லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நெசவாளர் மாவுச்சத்தின் இயல்பை நன்கு அறிவர். அது நூலோடு ஒட்டி நிற்கும். சர்க்கரையைப் போல் நீரில் எளிதிற் கரைந்துவிடாது. ஆயினும் அம்மாவுச்சத்து முழுவதும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரைத் துணுக்குகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் கோக்கப்பட்ட சங்கிலியே. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி அச்சங்கிலியை அறுக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது இதனாலேதான். துணி ஆலைகளில் நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்குவதற்கும் இதே இனத்து நொதியைப் பயன்படுத்துகின்றனர்.

இரைப்பையின் வேலை

விழுங்கிய கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக் குழல் வழியாக இரைப்பையை அடைகிறது. அங்கே என்ன நிகழ்கிறது என்பது பல காலம் விளங்காதிருந்தது. இரைப்பை உணவை அரைக்கிறது என்றனர் சிலர். புளிக்க வைக்கிறது என்றனர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்க உதவியது ஒரு விபத்து. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர் துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தார். ராணுவ மருத்துவரான வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். புண் ஆறிற்று; ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. 1825இல் போமான்ட் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் முதலியவற்றின் சிறு துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே இறக்கினார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்தது என்று பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து வெதுவெதுப்பாக வைத்தபோது, உடலுக்கு வெளியிலும் அது இறைச்சியைக் கரைத்தது. ஜீரணம் வெறும் அரைவை அன்று, அது இரசாயன மாற்றமே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. தம் ஆராய்ச்சிகளை அவர் 1833இல் நூலாக வெளியிட்டார்.

இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது கொல்கிறது. 1836இல் தியோடோர் ஷ்வான் கண்டறிந்த பெப்சின் என்னும் நொதியும் அந்நீரில் உண்டு. பருப்பிலும் மீனிலும் உள்ள புரதத்தைப் பெப்சின் வெட்டத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் உணவு கூழாகிச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது.

சிறுகுடலின் வேலை

முக்கியமான வேலை நடப்பது இங்கேதான். சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. அதன் தொடக்கத்திலேயே கல்லீரலிலிருந்து பித்தநீரும், கணையத்திலிருந்து கணையநீரும் வந்து கலக்கின்றன. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை நுண்துளிகளாக்கி நீரோடு கலக்கச் செய்வது போல, பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாக்குகிறது. கணையநீர் இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தை முறிக்கிறது. மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் வெட்டும் நொதிகளும் அதில் உள்ளன. முடிவில் மாவுச்சத்து குளுக்கோஸாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலம் முதலியவையாகவும் பிரிகின்றன.

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான தோல் அன்று. தேங்காய்ப்பூத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் துண்டைவிட அது ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுவது ஏன்? அதன் மேல் எழுந்து நிற்கும் நூற்கண்ணிகளால் பரப்பு பெருகியிருப்பதே காரணம். குடற்சுவரிலும் அத்தகைய நுண்ணிய விரல்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றிற்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். அவற்றின் மேல் கண்ணுக்குப் புலனாகாத இன்னும் நுண்ணிய இழைகளும் உள்ளன. இவ்வமைப்பினால் உட்கிரகிக்கும் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் ஆகிறது. இதன் வழியாகச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்திற் கலந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் நாளங்கள் வழியே சுற்றிச் சென்று இரத்தத்தை அடைகிறது.

நீரின் வரவு செலவு

சங்கக் கணக்கைப் போலக் குடலின் நீர்க் கணக்கையும் பார்ப்போம். நாள்தோறும் உணவோடும் பானத்தோடும் சுமார் 2 லிட்டர் நீர் உட்செல்கிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடல் தானே குடலுக்குள் விடும் நீர் சுமார் 7 லிட்டர். ஆக மொத்தம் 9 லிட்டர். இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், எஞ்சியதைப் பெருங்குடலும் திரும்பப் பெற்றுவிடுகின்றன. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே. காலரா போன்ற நோய்களில் இக்கணக்கு தலைகீழாகிறது. குடல் நீரைத் திரும்பப் பெறாமல், உடலின் நீரையும் உப்பையும் வெளியே கொட்டுகிறது. குழந்தை இறப்பது பெரும்பாலும் இந்நீரிழப்பினாலேயே.

அடையாத ஒரு வாயில்

1960இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் ஓர் அரிய உண்மையை விளக்கினார். உப்பில் உள்ள சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் குடற்சுவரில் ஒரு வாயில் அவற்றை உள்ளே ஏற்கும். நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். பேதி கடுமையாக இருக்கும்போதும் இவ்வாயில் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், இந்நீர் அருந்தியவர்களுள் இறந்தவர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

ஆதலின் பேதி கண்ட குழந்தைக்கு நீர் கொடாமல் வயிற்றைக் காயப்போடுவது பெருந்தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொள்ளலாம். அளவு மிகலாகாது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். உப்பு மிகுந்தால் ஆபத்து. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்று. அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறுகிறதன்றோ! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பின் 50 முதல் 100 மில்லி லிட்டர் கரைசலைச் சிறுகச் சிறுகப் புகட்டுக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் கழித்து மீண்டும் மெதுவாகப் புகட்டுக. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தற்க. கலந்த கரைசலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் பிரியாமை, மலத்தில் இரத்தம், குடிக்க இயலாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். வழியிலும் கரைசல் புகட்டுவதை நிறுத்தக் கூடாது.

கல்வி வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஜீரணத்திற்கும் உட்கிரகித்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. போமான்ட் பட்டு நூலைக் கொண்டு கண்டறிந்தது என்ன?
3. உப்பையும் சர்க்கரையையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது ஏன்?
4. நம் கிராமத்தில் கரைசல் பொட்டலம் எங்கே கிடைக்கும்? அங்கத்தினர் அனைவரும் அதை அறிவரா?